பதினோராம் ஸ்லைடு

என் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டி பன்னிரண்டு வருடம் இருந்தது. நான் கண்ணாடி போடுகிறவள் இல்லை. பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் விரல் நீளத்தில் ஒரு ஸ்லைடு, அதாவது நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிற கண்ணாடித் தகடு. அதன் நடுவில் ஒட்டியிருக்கும் மெல்லிய மேல்கண்ணாடியில் ஒரு விரிசல். எங்கள் வீட்டுக்காரர் ஒருமுறை பீரோவில் எதையோ தேடும்போது அதைக் கையில் எடுத்துவிட்டார். "ஏனம்மிணி, இந்தப் பொட்டீல என்னத்த வெச்சிருக்கற? நகையா?" என்றார். "பழைய கண்ணாடிங்க" என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனால் அன்று குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

அந்த விரிசலுக்கு அடியில் இருப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா என் உடன்பிறந்தவர் இல்லை. கோயம்புத்தூரில், உக்கடம் குளம் தெரிகிற ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்த புதைபடிவ ஆய்வகத்தில் அவர் நிரந்தர ஆராய்ச்சியாளர். நான் தாவரவியல் முடித்துவிட்டு இரண்டு வருட ஒப்பந்தத்தில் உதவியாளராகச் சேர்ந்தவள். எங்கள் துறைத் தலைவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவரே இவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அக்காவுக்கு அப்போது நாற்பது தாண்டவில்லை.

அவரைப் போல் பயந்த பெண்ணை நான் பார்த்ததில்லை. நாய்க்குப் பயம், பல்லிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம். நான்கு மாடியும் படியேறித்தான் வருவார். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, கையில் குடை இருக்கும். அவிநாசியிலிருந்து தினமும் வந்துபோகிறவர். காந்திபுரத்தில் இறங்கி உக்கடம் டவுன் பஸ்ஸில் மாறும்போது சில நாட்கள் நானும் சேர்ந்துகொள்வேன். இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்பாகவே எழுந்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். "அக்கா, இன்னும் ரெண்டு ஸ்டாப்பு கெடக்குதுங்க, உக்காருங்க" என்று கண்டக்டர் தினமும் சொல்வார். "இருக்கட்டுங்க, எறங்க உடாம பஸ்ஸ எடுத்துப்போட்டீங்கன்னா?" என்று அக்காவும் தினமும் சொல்வார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பேன். எனக்கு அந்த வயதில் எதற்கும் பயமில்லை என்று ஒரு நினைப்பு. வாய்த் துடுக்கைத் தைரியம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அக்கா பயப்படுவதில் நியாயமான ஒன்றும் இருந்தது. எங்கள் வேலை பாறையைக் கரைப்பது. கட்ச் பகுதியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் சாம்பல் நிறக் களிப்பாறையை இடித்து அமிலத்தில் போட வேண்டும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கண்ணாடியையே தின்றுவிடும் என்பதால் பிளாஸ்டிக் பாத்திரம்தான். அது தோலில் பட்டால் முதலில் எரியாது. ஒன்றுமில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே இறங்கி எலும்பைத் தேடிப் போகும். அக்கா இரண்டு ஜோடிக் கையுறை, ரப்பர் அங்கி, முகத்துக்கு மறைப்பு, காலுக்கு பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு, அவிநாசியப்பனை ஒருமுறை கூப்பிட்டுவிட்டுத்தான் அமில அலமாரியைத் திறப்பார். "ட்ரான்ஸ்ஃபார்மர் ரிப்பேருக்குப் போறீங்களாக்கா?" என்று கேட்பேன். மறைப்புக்குள்ளிருந்து, "சிரி கண்ணு, சிரி. பயந்தவளுக்குப் பத்து வெரலும் இருக்கும்" என்று பதில் வரும்.

பாறை முழுவதும் கரைந்து போன பிறகு அடியில் கொஞ்சம் கறுப்பு வண்டல் மிஞ்சும். நாங்கள் தேடுவது அதில்தான் இருக்கும். ஜுராசிக் காலத்துக் கடலில் மிதந்த ஒற்றைச் செல் உயிர்கள், டைனோஃபிளாஜெல்லேட் என்று பெயர். காலம் கெட்டால் அவற்றில் சில தம்மைச் சுற்றி ஒரு கெட்டிக் கூடு கட்டிக்கொண்டு விதையைப் போலச் சேற்றில் போய்ப் படுத்துக்கொள்ளும். நல்ல காலம் வந்ததும் கூட்டில் ஒரு சிறு வாசல் திறந்து வெளியேறிவிடும். உயிர் போய்விடும், கூடு அமிலத்துக்கும் அசையாமல் பதினைந்து கோடி வருடம் கிடக்கும். அதன் அகலம் ஒரு தலைமுடியின் தடிமன்தான் இருக்கும். இதைப் பார்ப்பதற்கா இவ்வளவு படிப்பு என்று என் அம்மா கேட்டதுண்டு. முதல் நாள் லென்ஸுக்கு அடியில் அதைப் பார்த்தவுடன் எனக்கு அந்தக் கேள்வி மறந்துபோனது.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம், பதினோராம் எண் ஸ்லைடில் அக்கா அதைக் கண்டுபிடித்தார். உருண்டை உடல், தலையில் ஒரு கொம்பு, உடம்பெல்லாம் முட்கள், ஒவ்வொரு முள்ளின் நுனியும் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற கவைக்கோல் மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். வாசல் தோளோரமாகத் திறந்திருந்தது. இதுவரை யாரும் எழுதாத இனம். அக்கா மூன்று மாதம் எல்லாப் புத்தகங்களையும் புரட்டி, இதற்கு முன் யாரும் பெயர் வைக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகும் ஒரு மாதம் பயந்தார். பிறகுதான் எழுத உட்கார்ந்தார்.

ஒரு இனத்துக்குப் பெயர் வைப்பதில் ஒரு வழக்கம் உண்டு. நூறு கூடு கிடைத்தாலும் அதில் ஒன்றைக் காட்டி, இதுதான் அது என்று எழுத வேண்டும். ஹோலோடைப் என்பார்கள். பெயர் அந்த ஒன்றோடுதான் கட்டப்பட்டிருக்கும். உலகத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால் அதைத்தான் வந்து பார்ப்பார்கள், ஆகவே அது பத்திரமாக இருக்க வேண்டும். பதினோராம் ஸ்லைடில் இருந்ததைத்தான் அக்கா தேர்ந்தெடுத்திருந்தார். அது அவ்வளவு அழகாக நிமிர்ந்து படுத்திருந்தது. அக்காவின் பதினைந்து வருட வேலையில் அவர் கண்டுபிடித்த முதல் இனம் அதுதான்.

அதற்காக அக்கா சில சட்டங்கள் வைத்திருந்தார். ஸ்லைடுப் பெட்டியிலிருந்து யார் எதை எடுத்தாலும், அந்த இடத்தில் ஒரு சீட்டு வைக்க வேண்டும். எண், எடுத்தவர், எடுத்த தேதி, எதற்காக, திரும்பி வந்த தேதி. இரண்டு நிமிடம் பார்ப்பதற்குக்கூட சீட்டு. நான் ஒரு நாளும் எழுதியதில்லை. அடுத்தது, எதுவும் ஒன்றோடு நிற்கக்கூடாது. ஒரு நல்ல கூடு கிடைத்தால் அதேபோல் இன்னொன்று எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்துவிட வேண்டும். "ஒண்ணு இருந்தா அது இல்லாத மாதிரிதான் கண்ணு" என்பார். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், எண்ணெய் லென்ஸைப் பற்றியது. மிகவும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டுமானால் ஸ்லைடின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லென்ஸை அந்த எண்ணெயைத் தொடும்வரை இறக்க வேண்டும். லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே காகித அளவு இடம்கூட இருக்காது. அதனால் ஹோலோடைப்பை அப்படிப் பார்க்கும்போது இரண்டு பேர் இருந்தே தீர வேண்டும். ஒருவர் மேலே குனிந்து பார்க்க, மற்றவர் மேசை மட்டத்துக்குத் தலையைச் சாய்த்து, லென்ஸ் இறங்குவதைப் பக்கவாட்டில் பார்த்து "போதும்" என்று சொல்ல வேண்டும். "ஒருத்தி கண்ணு லென்சுல, ஒருத்தி கண்ணு கண்ணாடில." இதை அவர் சொல்லும்போதெல்லாம் நானும் கூடவே முணுமுணுத்துப் பழிப்புக் காட்டுவேன்.

கட்டுரையை அனுப்புவதற்கு முந்தைய நாள் அக்காவுக்கு ஊரில் ஏதோ வேலை, வரவில்லை. காலை பதினொரு மணி இருக்கும். கட்டுரைக்கு எடுத்திருந்த படங்களைப் பார்த்தேன். முள் நுனி கவையாகப் பிரிவது கொஞ்சம் மங்கலாக இருந்த மாதிரி தோன்றியது. இன்னும் தெளிவாக ஒரு படம் எடுத்து வைத்தால் நாளைக்கு அக்கா அசந்து போவார் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்து பதினோராம் ஸ்லைடை எடுத்தேன். சீட்டு வைக்கவில்லை. எண்ணெய் விட்டேன். ஆள் இல்லை, கூப்பிடவும் இல்லை. கண்ணை மேலே வைத்துக்கொண்டு திருகினேன். மங்கலாக இருந்தது, இன்னும் கொஞ்சம் திருகினேன். நான் திருகியது மெல்ல நகர்த்துகிற சிறிய திருகு இல்லை, பெரிய திருகு.

சத்தம் பெரிதாக வரவில்லை. அப்பளத்தின் ஓரத்தை ஒடித்தால் எவ்வளவு வருமோ அவ்வளவுதான். லென்ஸுக்குள் என் கண் முன்னாலேயே ஒரு கறுப்புக் கோடு குறுக்கே ஓடியது. எண்ணெய் உள்ளே புகுந்தது. கொம்பு ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமுமாக நகர்ந்தது.

பயம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வயிறு கலங்கும், கை நடுங்கும் என்று சொல்வார்கள். எனக்குக் கை நடுங்கவில்லை. காதுக்குள் மட்டும் ஒரு இரைச்சல். மிகவும் நிதானமாக லென்ஸைத் துடைத்தேன், ஸ்லைடைப் பஞ்சில் சுற்றினேன், பையில் போட்டேன். பெட்டியை மூடி அலமாரியில் வைத்தேன். நாற்காலியைக்கூட ஒழுங்காகத் தள்ளி வைத்தேன். ஒரு திருடி இவ்வளவு சுத்தமாக வேலை செய்வாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சாயங்காலம் டவுன் பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரும் அதையே பார்ப்பதாக நினைத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் அக்காவிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன், சத்தியமாக. அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். நுண்ணோக்கி அறையின் கதவு சாத்தியிருந்தது. அதை அவர் சாத்தியதே கிடையாது, உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். கட்டுரையை நாளைக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் வெளியே உட்கார்ந்து ஒரு பக்கத்தையே நாலு மணி நேரம் படித்துக்கொண்டிருந்தேன். பெட்டியைத் திறந்திருப்பாரா, மாட்டாரா? திறந்திருந்தால் ஏன் என்னைக் கூப்பிடவில்லை? திறக்காவிட்டால் உள்ளே என்ன செய்கிறார்?

மூன்று மணிக்கு வெளியே வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. "வா கண்ணு, டீ குடிச்சுட்டு வரலாம்" என்றார். நான்கு மாடி இறங்கி, குளத்தங்கரைக் கடையில் நின்றோம். டீ ஆறிக்கொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"என்னமோ சொல்லோணும்னு இருக்கறயா, அம்மிணி?"

"இல்லீங்க்கா. ஒண்ணுமில்லீங்க."

"செரி" என்றார். பிறகு, "எப்பவாச்சும் தோணுச்சுன்னா சொல்லு" என்றார். டீக் கிளாஸை வைத்துவிட்டுப் படியேறப் போய்விட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன வார்த்தைகளில் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால் அந்த "ஒண்ணுமில்லீங்க"வைத்தான் எடுப்பேன்.

ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கும்போதே நான் வேலையை விட்டுவிட்டேன். வெள்ளகோவிலில் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியை வேலை, கொஞ்ச நாளில் கல்யாணம். ஸ்லைடும் சீர்வரிசையோடு சேர்ந்து வந்தது. தூக்கிப் போடத் தைரியமில்லை, திருப்பிக் கொடுக்கவும் தைரியமில்லை. அடுத்த வருடம் அக்காவிடமிருந்து ஒரு தபால் உறை வந்தது. மேலே தடவிப் பார்த்தபோதே தெரிந்தது, அச்சான கட்டுரை. இரண்டாவது ஆசிரியராக என் பெயர் இருக்கும். பிரிக்காமல் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

அப்போதுதான் உண்மையான பயம் ஆரம்பித்தது. அக்காவுக்குத் தெரியாது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். தெரிந்திருந்தால் அனுப்பியிருப்பாரா? ஆக, இல்லாத ஒன்றைக் காட்டி, இதுதான் அது என்று அக்கா உலகத்துக்குச் சொல்லியிருக்கிறார். என்றைக்காவது யாராவது வந்து எங்கே காட்டு என்று கேட்பார்கள். பெட்டியைத் திறந்தால் வெறும் இடம். பொய்யான இனத்தை எழுதியவர் என்று அக்காவைச் சொல்வார்கள். பல்லிக்குப் பயப்படுகிறவர் அதை எப்படித் தாங்குவார்? கோயம்புத்தூர் எண்ணிலிருந்து போன் வந்தால் நாலு தடவை மணி அடிக்கவிட்டுத்தான் எடுப்பேன். அக்கா முதலிரண்டு பொங்கலுக்குக் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. பிறகு அவரும் கூப்பிடவில்லை.

போன மாதம் அந்தப் போன் வந்தது. தெரியாத ஒரு பெண்ணின் குரல். "மேடம், நாங்க லேப்ல இருந்து பேசறோமுங்க. அக்கா போன வருசம் வேலைய உட்டு நின்னுட்டாங்க, இப்ப நான் பொறுப்புல இருக்கறனுங்க. உங்க இனத்தோட ஹோலோடைப்ப ஒருத்தரு வெளிநாட்டுல இருந்து வந்து பாக்கோணும்ங்கறாருங்க. பொட்டீல ஒரு விசயம் உங்ககிட்டக் கேக்கோணும். ஒருக்கா வர முடியுங்களா?" சரி என்று சொன்னேனா, தலையை ஆட்டினேனா என்று நினைவில்லை. போனை வைத்த பிறகுதான் நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

சனிக்கிழமை காலை, மூக்குக்கண்ணாடிப் பெட்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். காங்கேயம் தாண்டியது, பல்லடம் தாண்டியது. சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உடைத்தது நான், எடுத்துக்கொண்டு போனதும் நான், அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. மூன்று வாக்கியம்தான். பஸ் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது.

பொறுப்பிலிருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நான் உட்காருவதற்குள் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க மேடம், நேத்து எடுத்தனுங்க. ஹோலோடைப்பு." திரையில் அது இருந்தது. உருண்டை உடல், முட்கள், தோளோரம் வாசல். நான் நசுக்கியது எப்படி முழுதாக இருக்கிறது? பிறகுதான் கவனித்தேன். இது நிமிர்ந்து படுத்திருக்கவில்லை. ஒருக்களித்திருந்தது. கொம்பு கொஞ்சம் வளைந்திருந்தது, இடப்பக்கம் ஒரு முள் இல்லை.

"இது எந்த ஸ்லைடுங்க?"

"நாலாம் நம்பருங்க மேடம். நீங்களே எழுதுன பேப்பருங்களே" என்று சிரித்தார்.

நான் எழுதிய பேப்பரை நான் படித்ததில்லை என்று எப்படிச் சொல்வது? அவர் மேசையில் இருந்த பிரதியை வாங்கிப் பார்த்தேன். ஹோலோடைப், ஸ்லைடு எண் நான்கு. அளவுகள் புதியவை, கோட்டோவியம் புதிது, படம் புதிது. கதவைச் சாத்திக்கொண்டு அக்கா அன்று செய்தது இதுதான். ஒன்று இருந்தால் இல்லாத மாதிரி என்று பயந்து, குறித்து வைத்திருந்த அந்த இன்னொன்றை எடுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்து, வரைந்து, எழுதியிருக்கிறார். அச்சாவதற்கு முன்னால் எந்தக் கூட்டையும் ஹோலோடைப் ஆக்கலாம், அதில் தப்பே இல்லை. வெளியே உட்கார்ந்து நான் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதே எல்லாம் சரியாகிவிட்டது. அந்த உறையைப் பிரித்திருந்தால் பதினோரு வருடத்துக்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்கும்.

"நான் கேக்க வந்தது இதுங்க மேடம்" என்று அந்தப் பெண் ஸ்லைடுப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். பதினோராம் இடத்தில் ஸ்லைடு இல்லை. ஒரு சீட்டு நின்றிருந்தது. "இத மட்டும் எடுக்கப் படாதுன்னு அக்கா சொல்லிட்டுப் போனாங்க. ஆளு வரும்னாங்க. இத்தன வருசமா ஒரு ஸ்லைடு வெளிய இருக்குதுங்களே, அதான் கூப்பிட்டனுங்க."

சீட்டு பழுத்துப் போயிருந்தது. அக்காவின் சின்னச் சின்ன எழுத்து. எண், பதினொன்று. எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர். எடுத்த தேதி, நான் அதை உடைத்த அதே நாள். எதற்காக என்ற இடத்தில், "இன்னொருமுறை பார்க்க." திரும்பி வந்த தேதி மட்டும் எழுதாமல் இருந்தது.

நான் அழுதேன். அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பஞ்சைப் பிரித்து ஸ்லைடை அதன் இடத்தில் வைத்தேன். பேனா வாங்கி, தேதி எழுதினேன். இந்த முறை கை நன்றாகவே நடுங்கியது. என் கையால் நான் நிரப்பிய முதல் சீட்டு அதுதான். வழக்கப்படி அதைக் கிழித்துப் போட வேண்டும். கிழிக்காமல் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. போகவில்லை. ஒரு பொருளை ஒளித்து வைத்த பயம் போய், எல்லாம் தெரிந்தும் காத்திருந்த ஒரு மனுஷியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற பயம் வந்திருந்தது. இது அதைவிடப் பெரியது. கீழே டீக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அக்காவின் எண்ணை அங்கே நின்று அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லு கண்ணு" என்றார் அக்கா.

"நேர்ல வாரனுங்க்கா" என்றேன்.

காந்திபுரம் போய் அவிநாசி பஸ் ஏறினேன். உட்கார இடம் இருந்தது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே பெட்டி லேசாக இருந்தது, சீட்டு மட்டும்தான். ஊர் நெருங்கியதும் எழுந்து கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, இன்னும் ரெண்டு ஸ்டாப்பு கெடக்குதுங்க, உக்காருங்க" என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டுங்க" என்றேன்.